பெற்றவளைப் பற்றியும் கேட்பார்கள்

1

எங்கள் மதினி பாண்டியம்மா கொடுத்தனுப்பிய வசம்பு மெல்போர்ன் விமான நிலையத்தைத் தாண்டவில்லை.

மதினி என்றால் என் கணவர் கணேசனின் அக்கா. சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் போகிற வழியில் வீடு. பட்டாசு ஆபீஸில் வேலை. எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். எங்கள் மகள் யாழினிக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்பது, அந்த வருடம் நாங்கள் லீவுக்கு ஊருக்கு வந்தபோது தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி தேன் என்றாள். இன்னொருத்தி இருக்கன்குடி மாரியம்மனுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக எனக்காக அவளே வேண்டிக்கொண்டாள். மணிக்குக் காசு மட்டும் நான் கொடுக்க வேண்டுமாம். மதினி வசம்பைச் சுட்டு, ஒரு துணியில் முடிந்து என் கைப்பையில் வைத்தார்.

"காலையில வெறும் வயித்துல நாக்குல தேச்சு விடு செல்வி. நாக்கு தடிப்பு கொறைஞ்சா பேச்சு தன்னால வந்துரும்."

ஆஸ்திரேலியாவில் செடி, கொடி, வேர், விதை எதுவும் உள்ளே போகக் கூடாது. ஊறுகாயைப் பார்த்தாலே சந்தேகப்படுகிற ஊர். கறுப்பாகக் கருகிய வேர்த் துண்டை எடுத்து, கையுறை போட்ட ஒரு அதிகாரி "வாட் இஸ் திஸ்?" என்றார். வசம்புக்கு இங்கிலீஷ் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நாக்கை நீட்டிக் காட்டினேன். அவர் ஓரடி பின்னால் போனார்.

"மெடிசின்?" என்றார்.

"நோ. டங். டாட்டர் டங். ரப், ரப்."

கணேசன் என்னைத் தெரியாதவர் மாதிரி பெல்ட்டில் சுற்றுகிற பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி வசம்பை ஒரு மஞ்சள் டப்பாவில் போட்டு மூடினார். எங்கள் குடும்பத்தின் முதல் மருத்துவ முயற்சி அங்கேயே முடிந்தது.

இரண்டாவது முயற்சியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. ஊரில் இதைப் படிக்கிற யாராவது ஒருவர் வீட்டில், கூப்பிட்டால் திரும்பாத, கேட்டால் பதில் சொல்லாத ஒரு பிள்ளை இருக்கலாம். "டெஸ்ட் எடுங்க" என்று யாராவது சொல்லியிருக்கலாம். டெஸ்ட் என்றதும் ஊசி, ஸ்கேன், தலையில் வயர் ஒட்டுவது என்றெல்லாம் பயப்படுவீர்கள். நானும் பயந்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை. மூன்று படித்தவர்கள் தரையில் உட்கார்ந்து உங்கள் பிள்ளையோடு சோப்பு நுரை ஊதி விளையாடுவார்கள். பயப்பட வேண்டியது வேறு.

2

நாங்கள் மெல்போர்ன் வந்தது கணேசனின் வேலையால். சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டியவர். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், சாமி படம் எல்லாம் அவர் கையால் நிறம் கண்டவை. இங்கே அச்சு மிஷின் ஓட்ட ஆள் பற்றாக்குறை என்று விசா கொடுத்தார்கள். இங்கே அவர் அச்சடிப்பது சூப்பர் மார்க்கெட் நோட்டீஸ். லட்சுமி போய் கோழிக்கால் வந்தது. நான் மல்லாங்கிணறுக்காரி. பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு காலண்டர் கம்பெனியில் தாள் சேர்க்கிற வேலை பார்த்தவள். இங்கிலீஷ் என்றால் எனக்குத் தெரிந்தது ஜனவரி முதல் டிசம்பர் வரைதான்.

யாழினி என்ற பெயர் கணேசன் வைத்தது. சுத்தமான தமிழ்ப் பெயர் வேண்டுமென்று தேடிப்பிடித்து வைத்தார். வைத்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்குமே அந்த எழுத்து வாயில் நுழையாது என்பது தெரிந்தது. வீட்டில் அவள் யாளினி.

இந்த ஊரில் குழந்தை பிறந்ததிலிருந்து ஒரு நர்சம்மா எடை போட்டு, உயரம் பார்த்துக்கொண்டே வருவார். அவர்தான் முதலில் கவனித்தவர். யாழினி யாரையும் முகம் பார்ப்பதில்லை, வேண்டியதைக் கை காட்டிக் கேட்பதில்லை, என் கையையே பிடித்து ஒரு சாமான் மாதிரி பிரிட்ஜில் கொண்டுபோய் வைக்கிறாள் என்றெல்லாம் நான் பெருமையாகச் சொன்னேன். புத்திசாலிப் பிள்ளை என்று நினைத்திருந்தேன். நர்சம்மா பேனாவை எடுத்தார். இந்த ஊரில் யாராவது நீங்கள் பேசும்போது பேனாவை எடுத்தால் விஷயம் பெரிது.

முதலில் காது டெஸ்ட். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். எனக்கு அது தெரிந்ததுதான். அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் வந்து நிற்கிற பிள்ளைக்குக் காது கேட்காமல் இருக்குமா? பிறகு குடும்ப டாக்டர். அவரிடமிருந்து குழந்தை டாக்டருக்குக் கடிதம். அவரிடமிருந்து ஒரு குழுவுக்குக் கடிதம். குழு எப்போது பார்க்கும் என்று கேட்டால், "வரிசையில் இருக்கிறீர்கள்" என்றார்கள். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகாவது தெரியும். இந்த வரிசையில் யார் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியாது. மாதங்கள் போயின.

காத்திருக்கிற காலத்துக்கு வேலையாக ஒரு கேள்வித்தாள் வந்தது. கணேசன் டிக்ஷனரியை வைத்துக்கொண்டு படித்துச் சொல்வார்.

"பொருள்களை வரிசையா அடுக்கி வைக்குமா?"

"நீங்க வைக்கிறீங்களே," என்றேன். மனிதர் குளியலறையில் சோப்பு டப்பாவைக்கூட விளிம்பு பார்த்து வைப்பார்.

"ஒரே விஷயத்தைப் பத்தி ஓயாம ஆர்வம் காட்டுமா?"

"எங்க சித்தப்பா." என் சித்தப்பா விருதுநகர் வத்தல் மண்டியில் வேலை பார்த்தவர். கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே போனாலும் மிளகாய் வத்தல் விலையைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

"வழக்கமான பழக்கம் மாறினா கோவப்படுமா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கணேசனின் அப்பா பெயரைச் சொன்னோம். சிரித்தோம். கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. சித்தப்பாவுக்கு ஒன்று பொருந்தியது, மாமனாருக்கு ஒன்று பொருந்தியது. யாழினிக்கு எல்லாமே பொருந்தியது.

3

டெஸ்ட் அன்றைக்கு எனக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரை அரசாங்கமே அனுப்பியிருந்தது. தமிழ் என்று கேட்டிருந்தோம், தமிழ்தான் வந்தது. யாழ்ப்பாணத்து அக்கா. சேலை கட்டி, கண்ணாடி போட்டு, டீச்சர் மாதிரி இருந்தார். யாழினியின் பெயரை அவர்தான் முதன்முதலாகச் சரியாக உச்சரித்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

சின்ன மேஜை, சின்ன நாற்காலி, பொம்மைகள். உளவியல் பார்க்கிற ஒரு இளம்பெண், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு வயதான அம்மா, குழந்தை டாக்டர் ஒருவர். எங்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு அந்தப் பெண் யாழினியின் முதுகுப்பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"ஜாலினி! ஜாலினி!"

யாழினி திரும்பவில்லை. அவள் பேப்பரில் ஏதோ குறித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அது அவ பேரே இல்லைன்னு சொல்லுங்க. ஜாலினின்னு கூப்பிட்டா நானும் திரும்ப மாட்டேன்."

யாழ்ப்பாணத்து அக்கா சொன்னார். சரி, நீங்களே கூப்பிடுங்கள் என்றார்கள். நான் 'யாளினி' என்றேன். கணேசன் கூப்பிட்டார். அக்காவும் அழகாக ஒருமுறை 'யாழினி' என்று கூப்பிட்டார். மூன்று உச்சரிப்புக்கும் பிள்ளை ஒரே மரியாதைதான் கொடுத்தாள். ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து ஒரு பொம்மைக்குப் பிறந்தநாள். களிமண் மாதிரி ஒன்றைத் தட்டி கேக் என்றார்கள். சின்னக் குச்சிகளைக் கொடுத்து மெழுகுவத்தி என்றார்கள். அந்தப் பெண் பாட்டுப் பாடினாள், டாக்டர் கை தட்டினார். பொம்மையைத் தவிர எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். யாழினி எல்லாக் குச்சிகளையும் பிடுங்கி எடுத்து, தரையில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, நூல் பிடித்தமாதிரி அடுக்கினாள்.

"பாத்தியா, எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கின மாதிரியே அடுக்குறா," என்று கணேசன் என் காதில் பெருமையாகச் சொன்னார். அந்தப் பக்கம் மூன்று பேனாவும் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு எங்கள் முறை. பிள்ளையை அந்த வயதான அம்மாவிடம் விட்டுவிட்டு எங்களிடம் கேள்வி கேட்டார்கள். கர்ப்பத்தில் எப்படி, பிரசவம் எப்படி, எப்போது தவழ்ந்தாள், எப்போது நடந்தாள். இதுவரை நன்றாகத்தான் போயிற்று.

"வீட்டில கதைக்கிறாவோ?" என்று கேட்டார் யாழ்ப்பாணத்து அக்கா.

"கதையெல்லாம் சொல்லத் தெரியாதுக்கா. நாலு வயசுதானே? நாங்கதான் அவளுக்குக் கதை சொல்லுவோம்."

யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது என்று எனக்கு அப்போது தெரியாது. அக்கா லேசாகச் சிரித்துவிட்டு, ஏதோ சரிசெய்து இங்கிலீஷில் சொன்னார். அடுத்த கேள்வி: நாங்கள் அவளோடு எப்படி நேரம் செலவழிக்கிறோம்?

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். பிள்ளையிடம் ஓயாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அதை நான் ஒரு நோன்பு மாதிரி கடைப்பிடித்திருந்தேன்.

"காலையில எந்திரிச்சதுல இருந்து பேசிக்கிட்டேதான் இருப்பேன்க்கா. சாப்பாடு ஊட்டும்போது பேசுவேன். குளிப்பாட்டும்போது பேசுவேன். இவரும் வேலை முடிஞ்சு வந்ததும் பேசுவாரு. ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து பேசுவோம்."

அக்காவின் முகம் மாறியது. மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். உளவியல் பெண்ணின் பேனா அப்படியே நின்றது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப பிள்ளை என்ன செய்வா?"

"காதைப் பொத்திக்கிட்டு மூலையில போய் உக்காந்துக்குவா. ஆனா நான் விடமாட்டேன். மூலைக்கே போய்ப் பேசுவேன்."

மறுபடியும் இங்கிலீஷ். அந்தப் பெண் மிகவும் மெல்லிய குரலில் ஏதோ கேட்டாள். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கை நீட்டுறதும் உண்டோ?"

கேள்வித்தாளில் வந்த கேள்விதான் என்று நினைத்தேன். ஒரு பொருளைக் கை நீட்டிக் காட்டுவது பற்றி அதில் ஒரு பக்கமே இருந்தது.

"தினம் நீட்டுவேன்க்கா! அந்தா பாரு நிலா, இந்தா பாரு பஸ்சுன்னு நீட்டி நீட்டிக் கையே வலிக்கும். அவதான் நீட்டுற பக்கம் பார்க்கவே மாட்டா."

"நிலாவோ?" என்றார் அக்கா.

"ஆமா. நிலா."

அக்கா ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அம்மா தாயே, எங்கட ஊரில பேசுறது எண்டா ஏசுறது. திட்டுறது! படத்தில எல்லாம் உங்கட தமிழைக் கேட்டிருக்கிறன். ஆனா உங்கட வேகத்தில எனக்குப் பிடிபடேல்லை."

அதாவது, காலையிலிருந்து இரவு வரை பிள்ளையைத் திட்டுகிறேன், கணவர் வேலை முடிந்து வந்து திட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திட்டுகிறோம், மூலையில் ஒளிந்தாலும் தேடிப்போய்த் திட்டுகிறேன் என்று அதுவரை இங்கிலீஷில் பதிவாகியிருந்தது. கணேசனுக்கு விஷயம் அப்போதுதான் விளங்கியது. நாற்காலியிலிருந்து எழுந்து, "டாக்கிங்! ஒன்லி டாக்கிங்! நோ ஷவுட்டிங்!" என்று அந்த அறை அதிரக் கத்தினார். யாழினி காதைப் பொத்திக்கொண்டாள்.

சிரிப்பு அடங்க நேரமானது. டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. பிள்ளையைப் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் போயிருந்தேன். நான் எப்படிப்பட்ட அம்மா என்பதையும் அந்த அறையில் பார்ப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

4

முடிவைச் சொல்ல இன்னொரு நாள் கூப்பிட்டார்கள். அதே யாழ்ப்பாணத்து அக்காதான் வந்தார். டாக்டர் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். அக்கா அதைத் தமிழாக்கினார். ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் அவரிடம் தமிழ் இல்லை.

"ஆட்டிசம் எண்டு சொல்லுகினம்."

"மாத்திரை இருக்கா?" என்றார் கணேசன்.

இல்லை.

"எப்ப சரியாகும்?"

இது காய்ச்சல் மாதிரி வந்து போகிற நோய் இல்லை, அவள் மூளை இப்படித்தான் உலகத்தை வாங்கிக்கொள்கிறது, பயிற்சி கொடுத்தால் நிறையக் கற்றுக்கொள்வாள் என்றார் டாக்டர்.

"என்னை அம்மான்னு கூப்பிடுவாளா?" இது நான்.

"எனக்குத் தெரியாது," என்றார் டாக்டர்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை மாதம், இத்தனை கடிதம், இத்தனை பேனா, கடைசியில் தெரியாது என்கிறாரே. வசம்பு கொடுத்த எங்கள் மதினிகூட நிச்சயமாகச் சொன்னாரே. பல நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அதுவரை எனக்குக் கிடைத்த பதில்களில் பொய் கலக்காத பதில் அது ஒன்றுதான்.

அங்கிருந்து கணேசன் நேராக வீட்டுக்குப் போகவில்லை. இந்தியச் சாமான் கடையில் வண்டியை நிறுத்தி, ஒரு பெரிய பாக்கெட் காராச்சேவு வாங்கிவந்தார். சாத்தூர் சேவு என்று போட்டிருந்தது. சாத்தூர்க்காரர்கள் பார்த்தால் வழக்குப் போடுவார்கள். காரிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் மொத்தத்தையும் தின்று தீர்த்தோம். மூக்கில் தண்ணீர் வந்ததற்குக் காரத்தைக் காரணம் சொல்லிக்கொண்டோம்.

அதன் பிறகு நடந்தது மெதுவான வேலை. பேச்சுப் பயிற்சி, பள்ளிக்கூடத்தில் கூடவே உட்கார ஒரு டீச்சர், வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்பது. "தமிழை விட்டுவிடுங்கள், பிள்ளை குழம்பும்" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். "உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அதில் பேசுங்கள்" என்றார் பயிற்சி கொடுத்த அம்மா. நான் பேசினேன், எங்கள் ஊர் அர்த்தத்தில். ஆறு வயதில் யாழினி வாக்கியம் பேசினாள். முதல் வாக்கியம் "மை டர்ன்". இரண்டாவது "நோ தேங்க்யூ". அம்மா என்று கூப்பிட இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. இப்போது நாள் முழுக்கக் கூப்பிடுகிறாள். சில சமயம் நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

5

ஒரு நாள் மத்தியானம் மதினி போன் செய்தார். எப்போதும் நாங்கள்தான் கார்டு வாங்கி ஊருக்குப் பேசுவோம். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பூத்தில் நின்றுகொண்டு பேசினார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"ஏ செல்வி, நம்ம யாளினிக்கு டெஸ்ட்டு எடுத்தாகளே, அதுல என்னத்த கேப்பாக?"

"எதுக்கு மதினி?"

"சும்மாத்தான். நம்ம சுந்தரு இன்னும் சரியா பேச மாட்டேங்கான்ல. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு சொல்றாரு, மருதையில போயி காட்டுங்கன்னு."

சுந்தர் மதினிக்கு வெகுநாள் கழித்துப் பிறந்தவன். அவன் பேச மாட்டான் என்பது முழு உண்மை இல்லை. உள்ளூர் கேபிள் டிவியில் வருகிற நகைக்கடை விளம்பரத்தை செய்கூலி, சேதாரம் எதையும் விடாமல் மனப்பாடமாக ஒப்பிப்பான். பசிக்கிறது என்று சொல்லத்தான் தெரியாது.

நான் உற்சாகமாக எல்லாம் சொன்னேன். சோப்பு நுரை, பொம்மைப் பிறந்தநாள், ஊசியே கிடையாது என்று. மதினி 'உம்' கொட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"பெத்தவளைப் பத்தியும் கேப்பாகளா?"

"கேப்பாங்க மதினி. வயித்துல இருந்தப்போ எப்படி இருந்தீங்கன்னு அதுல இருந்துதான் ஆரம்பிப்பாங்க."

போன் கட்டாகிவிட்டது. காசு தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருட லீவில் நாங்கள் ஊருக்குப் போவதற்குள், பையனைக் காட்டினீர்களா என்று பள்ளிக்கூட வாத்தியாரே மதினியை இரண்டு முறை கேட்டிருந்தார். மதினி ஆளுக்கொரு சாக்குச் சொன்னார். சீசன் நேரம், ஆர்டர் நிறைய, லீவு தரமாட்டாக. அவர் கணவர் பரமசிவம் அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறவர். "அவன் வாயத் தொறக்கும்போது தொறப்பான். இதுக்கு மருதை வரைக்கும் போயி எவன் சீரழியிறது?" என்றார். யாழினிக்குக் கிடைத்த மரியாதை வேறு. எங்கே போனாலும், எதைக் கொடுத்தாலும் அவள் "நோ தேங்க்யூ" என்றாள். மூன்று வருடம் முன்னால் அவளுக்கு நாக்கு தடிப்பு என்ற அதே பெண்கள், "இங்கிலீஸ்ல வெரட்டுதே கழுத!" என்று அசந்துபோனார்கள். அதில் பாதிக்கு மேல் எனக்கும் பெருமைதான்.

கடைசியில் கணேசன்தான் உட்கார்ந்து பேசினார்.

"எக்கா, யாளினிக்கு என்னன்னு தெரிஞ்ச பெறகுதான் எங்களுக்கு அவகிட்ட எப்படி இருக்கணும்னு தெரிஞ்சுது. அது வரைக்கும் கண்ணைக் கட்டிக்கிட்டுத் தடவுனோம். சுந்தருக்கு அது வேணாமா?"

மதினி முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "செல்வி கூட வந்தா வாரேன்," என்றார்.

6

நானும் மதினியும் சுந்தரும் பரமசிவம் அண்ணனும் மதுரைக்குப் போனோம். யாழினியை கணேசனிடம் விட்டாயிற்று. பஸ்ஸில் மதினி தோளில் மாட்டிய ஒயர் கூடையை இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். சுந்தர் விருதுநகர் தாண்டுகிற வரைக்கும் நகைக்கடை விளம்பரம், திருமங்கலம் தாண்டியதும் ஜவுளிக்கடை விளம்பரம். எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

டாக்டரம்மா சின்ன வயது. பேச்சில் சென்னை வாடை. இங்கே மூன்று பேர் செய்ததை அங்கே அவரும் ஒரு பயிற்சியாளரும் செய்தார்கள். பந்து, கார், சோப்பு நுரை. அறை சின்னது, மின்விசிறி சத்தம் பெரியது. மற்றபடி மெல்போர்னுக்கும் மதுரைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சுந்தர் நுரையைப் பார்த்துச் சிரித்தான், டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. பரமசிவம் அண்ணன் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

பிறகு டாக்டரம்மா மதினி பக்கம் திரும்பி, ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனையாவது பிரசவம், எத்தனை மாதத்தில் பிறந்தான், உடனே அழுதானா. மதினி நாற்காலி நுனியில் உட்கார்ந்து பதில் சொன்னார்.

"கர்ப்பமா இருந்தப்போ மருந்து ஏதாவது எடுத்தீங்களா?"

மதினி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எடுத்தேன்."

"என்ன மருந்து?"

"எல்லா மருந்தும் எடுத்தேன் தாயி." குரல் உடைந்துவிட்டது. "நெறமாசம் வரைக்கும் எடுத்தேன். வேற வழியில்ல. சீசன் நேரம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யார் எழுதிக் கொடுத்தாங்க?"

"போர்மேன் அளந்து குடுப்பாரு."

"போர்மேனா? தினமும் எவ்வளவு எடுத்துக்கிட்டீங்க?"

"சட்டி சட்டியா," என்று மதினி விசும்பினார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த திகிலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "மேடம், மாத்திரை மருந்து இல்லை," என்றேன். "வெடி மருந்து. மதினி சங்கு சக்கரத்துக்கு மருந்து செலுத்துற வேலை பார்க்கிறாங்க. எங்க பக்கம் மருந்துன்னா அதுதான்."

டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டார். சிரிக்கவில்லை. நாற்காலியை மதினி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அழாதீங்கம்மா. அதனாலதான் இப்படி ஆச்சுன்னு யார் சொன்னது?"

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாரும் சொல்லலை," என்றார். அண்ணன் போன வாசல் பக்கம் கண்ணைக் காட்டி, "அவுகதான்," என்றார். "மருந்துக் கையோட பெத்தா புள்ள இப்படித்தான் மரமா வரும்னு. கோவத்துல ஒரு தடவ சொன்னது. ஒரே ஒரு தடவதான். நீங்களும் பாத்துட்டு, ஆமா இவதான் காரணம்னு எழுதிருவீகளோன்னுதான் நான் இம்புட்டு நாளும் வரலை."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. போனில் அன்றைக்குத் தீர்ந்துபோனது காசு இல்லை.

"வயித்துப் பிள்ளையோட அந்த வேலை செய்யறது உங்க உடம்புக்கு நல்லது இல்லை. அதை நான் மறைக்க மாட்டேன்," என்றார் டாக்டரம்மா. "ஆனா இவன் இப்படி இருக்கறதுக்கு இதுதான் காரணம்னு என்னால மட்டுமில்லை, யாராலயும் கை காட்ட முடியாது. பெரிய பெரிய பணக்காரங்க வீட்டுலயும் பார்க்கிறேன். டாக்டர் வீட்டுலயும் பார்க்கிறேன். நீங்க செஞ்ச தப்பு எதுவும் இதுல இல்லைம்மா."

"என் மகளுக்கும் இருக்கு மதினி," என்றேன். "நான் எந்த மருந்தைத் தொட்டேன்?"

மதினி என்னைப் பார்த்தார். யாழினியைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அந்தக் கணக்கை அவர் இதுவரை போட்டுப் பார்க்கவில்லை.

அன்றைக்கே டாக்டரம்மா சொல்லிவிட்டார், சுந்தருக்கும் ஆட்டிசம்தான் என்று. என்னிடம் சொன்னதைவிட எளிதாக, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல். அவனுக்கு விளம்பரம் மனப்பாடமாவது நல்ல விஷயம், அதிலிருந்தே பேச்சைக் கொண்டுவரலாம் என்றார். விருதுநகரில் பயிற்சி கொடுக்கிற ஒரு இடத்தையும் சொன்னார். அங்கேதான் இப்போது போகிறான். பசிக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டான். விளம்பரக் குரலில்தான் சொல்கிறான். சொல்கிறானே.

எல்லாம் முடிந்து நாங்கள் எழுந்தபோது மதினி மட்டும் எழவில்லை.

"தாயி, அந்தக் காரணம்னு சொன்னீகளே. அதை அவுகளையும் கூப்பிட்டு ஒருதரம் சொல்லிருங்க."

நான் வெளியே போய்ப் பார்த்தேன். பரமசிவம் அண்ணன் டீக்கடையில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கையோடு உள்ளே வந்து, எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார். டாக்டரம்மா முதலிலிருந்து பொறுமையாகச் சொன்னார். இது அம்மாவாலும் வந்ததில்லை, அப்பாவாலும் வந்ததில்லை, மதினி செய்த வேலைதான் இதற்குக் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்று.

அண்ணன் எண்ணெய்க் கையை வேட்டியில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் சொன்னது..." என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினி சுந்தரின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"அது ஒண்ணுமில்ல தாயி. அவுக எதையாச்சும் சொல்லிக்கிட்டேதான் இருப்பாக."

வெளியே வந்தோம். வெயில் உச்சியில் இருந்தது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து மதினி தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது அந்தப் பெரிய ஒயர் கூடை. புளிச்சோற்றுத் தூக்குவாளி, தண்ணீர் பாட்டில், சுந்தரின் மாற்றுச் சட்டை, குடை எல்லாம் அதில்தான். மதினி அதைக் கழற்றி அண்ணனின் கையில் கொடுத்தார்.

"தூக்கிட்டு வாங்க," என்றார்.

இருபது வருடக் குடித்தனத்தில் மதினி அவரிடம் ஒரு வேலை சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது. ஒரு நிமிடம் கூடையையே பார்த்தார். பிறகு எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மதினி சுந்தரின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் பின்னாலேயே வந்தார்.